கேர்ள் குரூப்பும் சோலும்: அடைப்புக்குறிக்குள் அதே ரெண்டு பேர்

போன மாசம் ஒரு நாள் பழைய ரெக்கார்டு கடைக்குள்ள மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கினது என்னவோ பத்து நிமிஷத்துக்குத்தான். வெளிய வந்தப்போ ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஏழு அங்குல 45-கள், அதாவது பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு இருக்கிற சின்ன இசைத்தட்டுகள், அட்டைப்பெட்டிகள்ல வரிசையா அடுக்கியிருந்தாங்க. நடுநடுவே பேர் எழுதின தடுப்பு அட்டைகள். ஒண்ணுல 'கேர்ள் குரூப்ஸ்'. நாலு பெட்டி தள்ளி இன்னொண்ணுல 'சோல்'.

முதல் அட்டைக்குப் பின்னாடி எடுத்தது ஷிரெல்ஸ் பாடின 'வில் யூ லவ் மீ டுமாரோ', 1960. ரெண்டாவதுக்குப் பின்னாடி எடுத்தது அரீதா ஃபிராங்க்ளினின் 'எ நேச்சுரல் வுமன்', 1967. காசு கொடுக்க நின்னப்போதான் பார்த்தேன். ரெண்டு தட்டிலும் பாட்டுப் பேருக்குக் கீழே, கண்ணை இடுக்கிக்கிட்டுப் பார்க்கணும்ங்கிற அளவு சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள் அதே ரெண்டு பேர்: கோஃபின், கிங். (ரெண்டாவதில் வெக்ஸ்லர்னு மூணாவதா ஒருத்தர். அவர் கதை பின்னாடி வருது.)

இது இசை ஆர்வலர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. எனக்கும் தனித்தனியா தெரிஞ்ச விஷயம்தான். ஆனா ரெண்டு தட்டையும் ஒரே கையில பிடிச்சிருந்தப்போ கொஞ்சம் உறுத்துச்சு. ஏன்னா நான் படிச்சு வச்சிருந்த கதை வேற.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அறுபதுகளின் முதல் பாதியில் கேர்ள் குரூப்புகள் வந்தன. பள்ளிக்கூடப் பொண்ணுங்க மூணு நாலு பேர், ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி கொண்டை. பாட்டை எழுதறது ஒருத்தர், பதிவு பண்றது இன்னொருத்தர், லாபம் வேற யாருக்கோ. சுருக்கமா, தொழிற்சாலைச் சரக்கு. 1964-ல பீட்டில்ஸ் அமெரிக்காவுல வந்து இறங்கினதும் அத்தனையும் அடிச்சுட்டுப் போயிடுச்சு. அப்புறம் சோல். சர்ச்சில் வளர்ந்த குரல், பட்ட வலி, உள்ளத்திலிருந்து வர்ற உண்மை. முன்னது போலி, பின்னது அசல். ராக் விமர்சகர்கள்ல பெரும்பாலானவங்க பல வருஷமா இப்படித்தான் ஜல்லியடிச்சு வச்சிருந்தாங்க. நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன்.

சரி, முதல் தட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நியூ ஜெர்சியில் பஸ்ஸேக்னு ஒரு ஊர். அங்கே ஹைஸ்கூல்ல ஒண்ணா படிச்ச நாலு கறுப்பினப் பொண்ணுங்க: ஷெர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, அடி 'மிக்கி' ஹாரிஸ், பெவர்லி லீ. கூடப் படிச்ச ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இவங்க பாட்டைக் கேட்டுட்டு, எங்கம்மா கிட்ட வந்து பாடுங்கன்னு விடாம நச்சரிச்சிருக்கு. அம்மா பேரு ஃப்ளோரன்ஸ் கிரீன்பெர்க், வீட்டைப் பார்த்துக்கிட்டு இருந்த குடும்பத்தலைவி. அவங்க வீட்டு ஹாலில் பாடிக்காட்டினதில்தான் எல்லாம் தொடங்குது. 1958-ல வந்த இவங்களோட முதல் ரெக்கார்டு 'ஐ மெட் ஹிம் ஆன் எ சண்டே'. அதை எழுதினது யாருன்னு பார்த்தா, இந்த நாலு பொண்ணுங்களேதான். தொழிற்சாலைக் கதையில் முதல் ஓட்டை இங்கேயே விழுந்துடுது.

ஃப்ளோரன்ஸ் அப்புறம் செப்டர்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பதிவுகளைப் பார்த்துக்கிட்டவர் லூதர் டிக்சன். அவர் கிட்ட 1960-ல ஒரு பாட்டு வந்தது. நியூயார்க்கில் 1650 பிராட்வேங்கிற கட்டடத்தில் இருந்த ஆல்டன் மியூசிக்ங்கிற பதிப்பகத்துக்காக வாரம் முழுக்கப் பாட்டு எழுதின இளம் தம்பதி எழுதினது. கணவன் ஜெர்ரி கோஃபின் பகல்ல ரசாயன உதவியாளர் வேலை பார்த்தவர். மனைவி கரோல் கிங். கரோல் டியூனைப் பியானோவில் வாசிச்சு டேப்பில் பதிவு பண்ணி வச்சுட்டு மாஜாங் ஆடப் போயிட்டாங்களாம், வேலை விட்டு வந்த கோஃபின் அதைக் கேட்டு வரிகளை எழுதி முடிச்சாராம். மாஜாங்னா நம்ம ரம்மி மாதிரி, சீட்டுக்குப் பதிலா கட்டைகள்.

டெமோவைக் கேட்ட ஷெர்லிக்கு சுத்தமா பிடிக்கலை. இது நமக்கான பாட்டு இல்லை, ஏதோ கிராமத்து வெள்ளைக்காரங்க பாடற கன்ட்ரி பாட்டு மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்காங்க. டிக்சன்தான் விடாம பேசிச் சம்மதிக்க வச்சார். வயலின், செல்லோ எல்லாம் சேர்த்தாங்க. அந்த வாத்தியப் பகுதியை எழுதினதும் கரோலே. முதல் பிரதிகள்ல பாட்டின் பேரே வெறும் 'டுமாரோ'ன்னுதான் அச்சாச்சு. 1961 ஜனவரி கடைசியில் அது பில்போர்டு பத்திரிகையின் 'ஹாட் 100' பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒண்ணு அந்த இடத்தைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. கோஃபின் ரசாயன வேலைக்கு முழுக்குப் போட்டார்.

பாட்டின் விஷயம் என்னன்னா, ஒரு பொண்ணு ராத்திரி ஒருத்தன் கூட இருக்கா. இப்போ சொல்றதெல்லாம் சரி, விடிஞ்ச பிறகும் இதே மாதிரி இருப்பியான்னு கேக்கறா. அவ்வளவுதான். இன்னிக்குக் கேட்டா சாதாரணக் காதல் பாட்டு மாதிரி கடந்து போயிடுவோம். ஆனா அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைச்சதே அந்த 1960-லதான். கல்யாணம் ஆகாதவங்களுக்கும் கருத்தடைச் சாதனங்களைப் பெறும் உரிமை நாடு முழுக்க உறுதியானது 1972-ல, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட வருஷத்தில், அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் வந்தா என்ன ஆகும்னு ரேடியோவில் கேட்டுக்கிட்டிருந்த ஒவ்வொரு பொண்ணுக்கும் தெரியும்.

ஷெர்லி அதைப் பாடற விதம்தான் எனக்கு ஆச்சரியம். கெஞ்சலே கிடையாது. குரலில் பெரிய சங்கதி எதுவும் இல்லை, கொஞ்சம் தட்டையான, பேச்சுக்குப் பக்கத்துல இருக்கிற குரல். சில இடங்கள்ல சுருதி ஒரு இழை கீழே நிக்கும். பின்னாடி செல்லோக்கள் பரபரன்னு ஏறி இறங்கிக்கிட்டு இருக்க, இந்தக் குரல் மட்டும் அசையாம நின்னு கேள்வி கேக்கும். நல்லாப் பயிற்சி எடுத்த குரல் பாடியிருந்தா அது ஒரு பாட்டா இருந்திருக்கும். இது ஒரு பொண்ணு கேக்கற கேள்வியா இருக்கு. இந்த வித்தியாசத்தைச் செஞ்சது கோஃபினும் இல்லை, கிங்கும் இல்லை. ஆனா அடைப்புக்குறிக்குள் ஷெர்லி பேர் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு வயசுக் கணக்கு. 'கேர்ள்' பாடின ஷெர்லி ஓவன்ஸ் பிறந்தது 1941 ஜூன். எழுதின கரோல் கிங் 1942 பிப்ரவரி. 'வுமன்' பாடின அரீதா ஃபிராங்க்ளின் 1942 மார்ச். அதாவது 'பொண்ணு', 'பெண்மணி'யை விட ஒன்பது மாசம் மூத்தவங்க! ஷிரெல்ஸ் பாட்டு முதலிடத்துக்கு வந்தப்போ 18 வயசு அரீதா ஏற்கெனவே ரெண்டு பையன்களுக்கு அம்மா, கொலம்பியா கம்பெனியில் முதல் ஆல்பம் வெளிவரக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அதே 18 வயசு கரோலுக்கு வீட்டில் ஒரு வயசு நிறையாத கைக்குழந்தை. விடிஞ்சா என்னங்கிற கேள்வியை மூணு பேரும் ஏட்டில் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. பொண்ணு, பெண்மணிங்கிறதெல்லாம் வயசு சம்பந்தப்பட்டதே இல்லை, அது ரெக்கார்டு கம்பெனி ஒட்டற சீட்டு.

தொழிற்சாலைக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லையான்னா, இருக்கு. அதை மறைச்சா நானும் ஜல்லிதான் அடிக்கிறேன்னு அர்த்தம்.

1962-ல 'ஹீஸ் எ ரெபல்'னு ஒரு பாட்டு முதலிடம் பிடிச்சது. தட்டில் போட்டிருக்கிற பேர் தி கிரிஸ்டல்ஸ், நியூயார்க் புரூக்ளின் பொண்ணுங்க. பதிவு பண்ணின ஃபில் ஸ்பெக்டருக்கு அவசரம், வேற ஒரு பாடகி அதே பாட்டை வெளியிடறதுக்குள்ள இவர் முந்தணும். லாஸ் ஏஞ்சலஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில், அந்த ஊரிலேயே இருந்த தி பிளாஸம்ஸ் குழுவை வச்சுப் பாட வச்சார். பிரதானக் குரல் டார்லீன் லவ். ஆனா கிரிஸ்டல்ஸ்ங்கிற பேருக்குச் சந்தை இருந்தது, அந்தப் பேரும் ஸ்பெக்டர் கையில் இருந்தது. அதனால தட்டில் அந்தப் பேரே விழுந்தது. நிஜமான கிரிஸ்டல்ஸுக்குத் தாங்க 'பாடின' பாட்டே ரேடியோவில் கேட்டுத்தான் தெரியும். அப்புறம் ஊர் ஊரா போய் தாங்க பாடாத பாட்டை மேடையில் பாட வேண்டியிருந்தது. அடுத்த பாட்டு உன் பேர்ல வரும்னு நம்பி டார்லீன் பாடின 'ஹீஸ் ஷ்யூர் தி பாய் ஐ லவ்'வும் கிரிஸ்டல்ஸ் பேரிலேயே வெளிவந்தது.

யார் மேல பரிதாபப்படறதுன்னு தெரியலை. பாடினவங்களுக்குப் பேர் இல்லை, பேர் போட்டவங்களுக்குக் குரல் இல்லை. டார்லீன் 1990-களில் வழக்குப் போட்டுத்தான் ராயல்டி வாங்கினாங்க. 2011-ல ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைச்சது. அவங்களும் அவங்களை மாதிரிப் பின்பாட்டுக்காரங்களும் வர்ற 'ட்வென்ட்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்'ங்கிற ஆவணப்படம் 2014-ல ஆஸ்கர் வாங்கினது. ஸ்பெக்டர் கொலைக் குற்றத்துக்காக 2009-ல தண்டனை பெற்று, 2021-ல சிறைவாசியாவே செத்துப் போனார்.

இன்னொண்ணு. அதே 1962-ல அதே ஸ்பெக்டர், நிஜமான கிரிஸ்டல்ஸை வச்சு ஒரு பாட்டுப் பதிவு பண்ணினார். காதலன் அடிச்சதை முத்தம் கொடுத்த மாதிரி எடுத்துக்கிற பொண்ணோட பாட்டு. எழுதினது சாட்சாத் கோஃபினும் கிங்கும். அவங்க வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கிட்ட ஈவா (பின்னாடி 'லிட்டில் ஈவா'ன்னு 'தி லோகோமோஷன்' பாடிப் பிரபலமானவங்க) காதலன் கிட்ட அடி வாங்கிட்டு, அவன் என்னை நேசிக்கிறதாலதான் அடிக்கிறான்னு சொன்னதிலிருந்து பிறந்ததாம். எதிர்ப்பு கிளம்பி அந்த ரெக்கார்டு சந்தையிலிருந்து போயிடுச்சு. அதில் சம்பந்தப்பட்டதுக்காக வருத்தப்படறேன்னு கரோல் கிங் பல வருஷம் கழிச்சுச் சொன்னாங்க. நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன், இன்னொரு தடவை கேக்கற உத்தேசம் இல்லை. பொண்ணுங்க வாயில் யார் எந்த வார்த்தையை வேணும்னாலும் வச்சாங்கங்கிறதுக்கு இதை விடச் சாட்சி தேவையில்லை.

காசு விஷயம் இன்னும் மோசம். ஷிரெல்ஸுக்கு வர வேண்டிய பணத்தை ஒரு அறக்கட்டளைக் கணக்கில் போட்டு வச்சிருக்கு, 21 வயசானதும் கிடைக்கும்னு சொல்லியிருந்தாங்களாம். வயசு ஆனது. அப்படி ஒரு கணக்கே இல்லைன்னு 1963 வாக்கில் தெரிஞ்சது. வழக்கு, எதிர் வழக்குன்னு போய் 1965-ல ஒரு வழியா சமரசம் ஆச்சு. குழு ஒண்ணு உச்சத்தில் இருக்க வேண்டிய ரெண்டு வருஷம் இப்படிப் போச்சு. பீட்டில்ஸ் வந்துதான் கேர்ள் குரூப்பை அழிச்சாங்கன்னு எழுதறவங்க இதைப் பெருசா சொல்றதில்லை. பீட்டில்ஸ் தங்களோட முதல் ஆல்பத்திலேயே ஷிரெல்ஸ் பாட்டு ரெண்டைப் பாடின பக்தர்கள், அவங்க தலையில் மொத்தப் பழியையும் போடறது நியாயமா?

இப்போ ரெண்டாவது தட்டு.

அரீதா டெட்ராய்ட்டில் பிரபலமான பாதிரியார் சி. எல். ஃபிராங்க்ளினோட பொண்ணு. சின்ன வயசிலேயே அப்பாவோட சர்ச்சில் பாடவும் பியானோ வாசிக்கவும் ஆரம்பிச்சவங்க. 1960-ல கொலம்பியாவில் சேர்ந்து ஆறு வருஷம் ஓட்டினாங்க. ஜாஸ், பழைய மேடைப் பாட்டு, கொஞ்சம் பாப்னு என்னென்னமோ பாட வச்சாங்க, எதுவும் பெருசா எடுபடலை. (அந்த ஆறு வருஷத்தில் அரீதாவும் தொழிற்சாலைச் சரக்குதான். அசல், போலிங்கிற கோட்டை இங்கே எங்கே போடுவீங்க?) 1966 கடைசியில் அட்லாண்டிக் கம்பெனிக்கு வந்தாங்க. அங்கே ஜெர்ரி வெக்ஸ்லர் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம், அவங்களைப் பியானோ முன்னாடி உக்கார வச்சதுதான்.

1967 ஜனவரியில் அலபாமா மாநிலம் மஸில் ஷோல்ஸில் பதிவு. ஒரே நாள்தான் நடந்தது, அன்னிக்கு ராத்திரி ஏதோ தகராறாகி நின்னுபோச்சு. ஆனா அந்த ஒரு நாளில் 'ஐ நெவர் லவ்டு எ மேன்' முடிஞ்சிருந்தது. மீதி எல்லாம் நியூயார்க்கில். பிப்ரவரி 14-ல 'ரெஸ்பெக்ட்'. அது ஓடிஸ் ரெட்டிங் 1965-ல எழுதிப் பாடின பாட்டு, வீட்டுக்கு வர்ற ஆம்பளை மரியாதை கேக்கற பாட்டு. அரீதா அதைத் தலைகீழாப் புரட்டினாங்க. அந்த வார்த்தையை எழுத்தெழுத்தாப் பிரிச்சுச் சொல்ற இடம் ஓடிஸ் பாட்டில் கிடையாது. பின்னாடி ரெண்டு குரல் சண்டைக்கு வர்ற மாதிரி விட்டு விட்டு வெட்டுமே, அதுவும் கிடையாது. அது அரீதாவும் தங்கச்சி கரோலினும் அக்கா எர்மாவும் சேர்ந்து செஞ்சது. ஜூன்ல முதலிடம். ஆனா பாட்டாசிரியர் ராயல்டி முழுக்க ஓடிஸுக்கு. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோக்கள் பாட்டு எழுதினவங்களுக்குத்தான் காசு கொடுக்கணும், பாடினவங்களுக்குச் சல்லிக்காசு தர வேண்டியதில்லை. இன்னிக்கும் சட்டம் அப்படித்தான் இருக்கு. அந்த விஷயத்தில் ராணி அரீதாவும் பஸ்ஸேக் ஷெர்லியும் ஒரே வரிசை.

இப்போ அந்தக் குரல்களை கவனிங்க. முன்னாடி ஒரு பெண், பின்னாடி அவளோட வாதாடற, ஒத்து ஊதற, கேலி பண்ற ரெண்டு பெண்கள். இதுக்குப் பேர் என்ன? எனக்குத் தெரிஞ்சு கேர்ள் குரூப்தான். சோல் இசையோட உச்சம்னு எல்லாரும் கொண்டாடற ரெக்கார்டுக்கு உள்ளே ஒரு கேர்ள் குரூப் உக்காந்திருக்கு. வித்தியாசம் என்னன்னா, இந்தக் குழுவைக் கூட்டினது தயாரிப்பாளர் இல்லை, பாடகி. குழுவில் இருக்கிறவங்க அக்காவும் தங்கச்சியும். இவங்களுக்குப் பதிலா வேற மூணு பேரை நிறுத்தி அரீதா ஃபிராங்க்ளின்னு பேர் போட யாராலும் முடியாது.

'எ நேச்சுரல் வுமன்' பிறந்த கதை சுவாரசியமானது. வெக்ஸ்லர் பிராட்வேயில் காரில் போயிட்டு இருக்கார். வழியில் கோஃபினையும் கிங்கையும் பார்த்து, கார் கண்ணாடியை இறக்கி, அரீதாவுக்கு இந்தத் தலைப்பில் ஒரு பாட்டு வேணும்னு சொல்லிட்டுப் போயிடறார். அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் எழுதிட்டாங்க. தலைப்புக்காகத்தான் வெக்ஸ்லருக்கு அடைப்புக்குறியில் இடம். ஆக, கம்பெனிக்காரர் தெருவில் வச்சு ஆர்டர் கொடுத்து, தொழில்முறைக் கவிஞர் தம்பதி ஒரே ராத்திரியில் தைச்சுக் கொடுத்த சட்டை. 'உள்ளத்தின் உண்மை'ன்னு நாம உருகற சோல் பாட்டு, ஷிரெல்ஸ் பாட்டை விட அதிகமாவே ஆர்டர் சரக்கு!

வரிகளையும் பாருங்க. சோர்ந்து கிடந்த ஒரு பெண் ஒரு ஆண் வந்ததால் தன்னைத் தானா உணர்றாள், அதுக்கு அவனுக்கு நன்றி சொல்றாள். காகிதத்தில் படிச்சா பெண்ணியக் கீதம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு ஆண், தலைப்பு கொடுத்த இன்னொரு ஆணுக்காக எழுதின வரிகள். ஆனா அரீதா பாடி முடிச்சதும் அந்த ஆண் எங்கே போனான்னே தெரியாது. முதல் வரியில் குரல் தரையோட தரையா, தூக்கம் விட்டு எழுந்த மாதிரி இருக்கும். பியானோ சர்ச்சில் வாசிக்கிற மாதிரி மூணு மூணா அசையும். பல்லவிக்கு ஏறும்போது கரோலினும் எர்மாவும் கீழேயிருந்து கை கொடுத்துத் தூக்கற மாதிரி வந்து சேருவாங்க. மேலே போனதும் நன்றி யாருக்குன்னே மறந்து போய், 'பெண்'ங்கிற அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சும். ஷெர்லி சங்கதியே போடாம செஞ்ச அதே வேலையை அரீதா எல்லாச் சங்கதியும் போட்டுச் செய்றாங்க. கொடுத்த வரிகளை வாங்கித் தங்களோடதா ஆக்கிக்கிறது. ரெண்டு தட்டிலும் அந்த வேலைக்கு அடைப்புக்குறி கிடையாது.

திருப்பிப் போட்டா ஒரு ஆறுதல். அரீதா தட்டின் மறுபக்கம் 'பேபி, பேபி, பேபி'. எழுதினவங்க இடத்தில் அரீதா, கரோலின்.

இந்த ரெண்டு அட்டைக்கும் நடுவில் ஆட்கள் எப்பவும் போய் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஷிரெல்ஸில் ஷெர்லியும் டோரிஸும் கல்யாணம், குழந்தைன்னு விடுப்பு எடுத்தப்போ மேடையில் அவங்க இடத்தில் நின்னு பாடினது டியான் வார்விக். அவங்க சித்தி சிஸ்ஸி ஹூஸ்டன், அரீதாவுக்குப் பின்பாட்டுப் பாடின ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவின் தலைவி (விட்னி ஹூஸ்டனோட அம்மாவும் இவங்கதான்). ஒரே நியூ ஜெர்சி சர்ச் குடும்பம், ரெண்டு பெட்டியிலும் இருக்கு. மெம்ஃபிஸில் பின்னாடி ஸ்டாக்ஸ்னு பேர் மாத்திக்கிட்ட கம்பெனிக்கு முதல் பெரிய வெற்றி தந்தது 1961-ல கார்லா தாமஸ் பாடின 'ஜீ விஸ்'. ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு தானே எழுதி, வயலின் வச்சுப் பாடின பாட்டு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா ஷிரெல்ஸுக்குத் தங்கச்சி. அது 'சோல்' பெட்டியில் இருக்கு. மார்த்தா அண்டு தி வாண்டெல்லாஸை எங்கே வைப்பாங்கன்னு கேட்டா கடைக்காரர் சிரிச்சார். அவர் கடையில் ரெண்டு பக்கமும் இருந்தது :-)

இன்னொரு குற்றச்சாட்டு, கேர்ள் குரூப்புக்கு அரசியல் தெரியாது, சோல்தான் உரிமைப் போராட்டத்தோட நின்னதுன்னு. 1963 ஆகஸ்ட் 5, அலபாமாவில் பர்மிங்ஹாம் பக்கத்தில் மைல்ஸ் கல்லூரி மைதானத்தில் ஒரு கச்சேரி. அதே வருஷம் மே மாசம்தான் அந்த ஊர்த் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் மேல போலீஸ் நாயையும் தண்ணிக் குழாயையும் ஏவிவிட்டிருந்தாங்க. ஊர் அரங்கம் கிடைக்காததால் மைதானத்தில் மேடை போட்டாங்க. கறுப்பர், வெள்ளையர் கலந்து உக்காந்த கூட்டம். மார்ட்டின் லூதர் கிங் பேசினார். ரே சார்ல்ஸ், நினா சிமோன், ஜானி மாத்திஸ் எல்லாம் வந்திருந்தாங்க. கூடவே வந்து பாடினவங்க ஷிரெல்ஸ். கவுன் போட்ட பொண்ணுங்கதான்.

அட்டைகளுக்கு வருவோம். 'ரிதம் அண்டு ப்ளூஸ்'ங்கிற பேரே 1949-ல பில்போர்டு பத்திரிகை ஆபீசில் பிறந்தது. அதுவரைக்கும் கறுப்பின மக்கள் வாங்கற ரெக்கார்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு, அதாவது இனத்தைச் சொல்லித்தான் பட்டியல் போட்டிருந்தாங்க. புதுப் பேரைச் சொன்னவர் அங்கே வேலை பார்த்த ஒரு இளைஞர். பேர் ஜெர்ரி வெக்ஸ்லர்! ஆமா, கார் கண்ணாடி வெக்ஸ்லரேதான். 1949-ல பெட்டிக்குப் பேர் வச்சார், 1967-ல பாட்டுக்குப் பேர் வச்சார்.

அந்தப் பட்டியல் கேர்ள் குரூப் உச்சத்தில் இருந்த 1963 நவம்பரில் நிறுத்தப்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் வாங்கற ரெக்கார்டு கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு, ரெண்டு பட்டியல் எதுக்குங்கிற நிலைமை. 1965 ஜனவரியில் திரும்ப வந்தது. 1969-லதான் அதுக்கு 'சோல்'னு பேர் மாத்தினாங்க. அதாவது அரீதா 'ரெஸ்பெக்ட்' பாடினப்போ அந்தப் பேரில் பில்போர்டில் ஒரு பட்டியலே கிடையாது. ஷிரெல்ஸ் மாதிரிக் குழுக்கள் மூலமா கோடு கொஞ்ச நாள் அழிஞ்சிருந்தது, அப்புறம் திரும்பப் போட்டுட்டாங்க. கடைக்காரரோட அட்டை அந்தக் கோட்டோட பேரன்.

2015 டிசம்பரில் வாஷிங்டன் கென்னடி சென்டரில் கரோல் கிங்குக்குப் பாராட்டு விழா. 73 வயசு அரீதா நீளமான ஃபர் கோட்டோட வந்து பியானோ முன்னாடி உக்காந்து 'எ நேச்சுரல் வுமன்' ஆரம்பிச்சாங்க. மாடத்தில் ஒபாமா கண்ணைத் துடைச்சுக்கறார், அதே 73 வயசு கரோல் நம்ப முடியாம வாயைப் பொத்திக்கிட்டுத் துள்ளறாங்க. பாட்டு ஏறுமுகத்தில் போனதும் அரீதா எழுந்து நின்னு கோட்டைத் தரையில் நழுவ விட்டுட்டுப் பாடினாங்க. மூணு வருஷம் கழிச்சு, 2018 ஆகஸ்டில் இறந்துட்டாங்க. அந்த வீடியோவைப் பார்க்காதவங்க உடனே பாருங்க.

கரோல் கிங்கோட 1971 ஆல்பம் 'டேபஸ்ட்ரி'யும் அந்தக் கடையிலேயே இருந்தது. அதோட ரெண்டாவது பக்கத்தில், ஷிரெல்ஸ் பாட்டும் இருக்கு, அரீதா பாட்டும் இருக்கு. ரெண்டையும் கரோலே தன் குரலில், மெதுவா, தனக்குத்தானே பாடிக்கிற மாதிரி பாடியிருக்காங்க. முதல் பாட்டில் அந்தக் கேள்வியைக் கேக்கும்போது பதில் தெரிஞ்சே கேக்கற மாதிரி இருக்கும். அவங்களும் கோஃபினும் அதுக்குள்ள பிரிஞ்சுட்டாங்க. அந்தத் தட்டை எங்கேயிருந்து எடுத்தேன்னு கேக்கறீங்களா? 'சிங்கர் சாங்ரைட்டர்'னு எழுதின மூணாவது அட்டைக்குப் பின்னாடி, கடையின் எதிர்ச் சுவர் ஓரமா.

கொசுறு: ஷிரெல்ஸ் தட்டின் மறுபக்கம் 'பாய்ஸ்'னு ஒரு பாட்டு, பொண்ணுங்க பசங்களைப் பத்திப் பேசிக்கிறது. பீட்டில்ஸ் ஆல்பத்தில் அதை ரிங்கோ பாடியிருப்பார். பசங்களைப் பத்திப் பாடறோமேன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை போல, அவர் பாட்டுக்கு டிரம்ஸைப் போட்டு வெளுத்துக்கிட்டே சந்தோஷமா பாடறார். முடிஞ்சா ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க.